கம்பளிக் கொட்டகையின் வடக்குச் சுவர்

போன மாதம், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த நீங்கள் மூன்று பேர் லண்டன் வால்தம்ஸ்டோவில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே ஒன்று கேட்டார்: "பழைய கட்டடத்தில சந்தேகம் வந்தால் மூடிப்போட்டு வாறதுதானே அங்கிள் சேஃப்?"

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி சூடான வடையோடு வந்துவிட்டார். பேச்சு வடைக்கும், வடையிலிருந்து அப்டன் பார்க் கடைகளில் உளுந்து விற்கும் விலைக்கும் போய்விட்டது. நீங்கள் ரயிலைப் பிடிக்க ஓடிய பிறகுதான் கேள்வி அப்படியே மேசையில் கிடப்பது தெரிந்தது. அதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆகையால் ஒரு சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி குரோய்டனில், டிராம் ஓடும் தெருவிலிருந்த சிறிய அலுவலகம் ஒன்றில் கழிந்தது. பழைய கட்டடங்கள் நிற்குமா, நிற்பதற்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்வது எங்கள் தொழில். ஆண்டுகள் மீது எனக்கு ஒரு பைத்தியம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ரயிலில் மற்றவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள். நான் யன்னலுக்கு வெளியே போகும் புகைபோக்கிகளுக்கு வயது போடுவேன். எந்தச் சுவரைக் கண்டாலும் இது எந்தக் காலம், இதற்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பது எந்தக் காலம் என்று பிரிக்காமல் இருக்க முடியாது. இந்தப் பழக்கம் எங்கள் தொழிலில் பெரிய துணை. அதற்குள் ஒரு பொறியும் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது ஸ்கொட்லாந்தின் வடக்கே ஒரு நாய்க் கொட்டில்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு பெரிய எஸ்டேட் எங்களை அழைத்தது. பெரியது என்றால், ஒரு முனையில் காரில் ஏறினால் மறு முனையில் இறங்க முற்பகல் முடிந்துவிடும். மலை, மான், காடு, இரண்டு ஆறு. இடையிடையே பழைய செம்மறிப் பண்ணைகள். ஒவ்வொன்றிலும் கல்லால் கட்டிய ஆட்டுப்பட்டி, மேய்ப்பர் வீடு, கம்பளிக் கொட்டகை. எவற்றைத் திருத்தலாம், எவற்றைத் தொடர்ந்து பாவிக்கலாம், எவற்றை மூடிவிடலாம் என்று நாங்கள் சொல்லவேண்டும்.

என்னோடு வந்தவர் செந்தில். கோயம்புத்தூர்ப் பொறியாளர், அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். முதல் பண்ணையிலேயே ஆட்டுக்கு மருந்து பூசிய பழைய அறை ஒன்றைக் கண்டு நான் துள்ளிக்கொண்டிருந்தேன். குளிர்காலம் வருமுன் ஆட்டின் மயிரைப் பிரித்துப் பிரித்து, தாரையும் வெண்ணெயையும் குழைத்துத் தோலில் பூசுவார்கள்; மழையும் உண்ணியும் அண்டாமல் இருக்க. அந்த வழக்கம் ஒழிந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. அறையின் கதவோரக் கல்லில் இன்னும் கறுப்புப் பிசுக்கு இருந்தது.

"வெண்ணெயா சார்? ஆட்டுக்கா?"

"ஓம். ஒவ்வொரு ஆட்டுக்கும்."

"எங்க வீட்டுல எனக்கே அம்மா அளந்துதான் வைப்பாங்க."

இப்படிச் சிரித்துக்கொண்டே மூன்று பண்ணைகளை முடித்தோம். நான்காவது, ஒரு பள்ளத்தாக்கின் கடைசியில் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் மோரக் என்ற பெண். ஐம்பதைத் தாண்டியவர், கூலி மேய்ப்பராக அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, பிறகு பண்ணையையே எடுத்தவர். அவர் பேசியது வடக்கு மலைநாட்டு ஆங்கிலம். என் காதில் அது எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

நாங்கள் போய் இறங்கியது யூலை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. அது கத்தரிப்பு நாள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. மலையில் பரந்து மேயும் ஆடுகளை ஒருவர் தனியாகக் கீழே இறக்க முடியாது. சுற்றுப் பண்ணைக்காரர் எல்லோரும் தங்கள் நாய்களோடு வந்து இறக்கிக் கொடுப்பார்கள், கத்தரித்தும் கொடுப்பார்கள். கூலி கிடையாது, அடுத்த நாள் அடுத்த பண்ணைக்கு எல்லோரும் போவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். அந்த நாளைத் தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும்.

"மழை வருது, மத்தியானத்துக்குப் பிறகு கொட்டும்," என்றார் மோரக், கை குலுக்கும்போதே. "ஆடுகள் மலையால இறங்குது. நீங்கள் அளக்கிறதை அளந்துபோட்டு வழியை விடுங்கோ."

நனைந்த ஆட்டைக் கத்தரிக்க முடியாது. ஆகையால் மழைக்கு முன் ஆடுகளைக் கம்பளிக் கொட்டகைக்குள் அடைத்து, அங்கேயே பிடித்துப் பிடித்துக் கத்தரிப்பார்கள். வேறு கூரை அந்தப் பண்ணையில் இல்லை. இன்றைக்குக் கம்பளி விற்றால் கத்தரிக்கிற செலவுக்கே காணாது. அதற்காக யாரும் கத்தரிப்பதில்லை. வெப்பமும் ஈரமும் சேரும் காலத்தில் அடர்ந்த மயிருக்குள் ஈ முட்டையிட்டு, புழு ஆட்டை உயிரோடு தின்னும். அதற்காகத்தான்.

எஸ்டேட் மனேஜரும் அன்று வந்திருந்தார். ஒதுங்கி வாகனத்தில் சாய்ந்து நின்ற அவர், மோரக் அப்பால் போனதும் என்னிடம் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். மோரக்கின் குத்தகை அந்த ஆண்டோடு முடிகிறது. கொட்டகை பாவனைக்கு உகந்தது என்று எங்கள் அறிக்கை சொன்னால் புதுப்பிப்பார்கள். உகந்ததல்ல என்றால், புதுக் கொட்டகை கட்ட எஸ்டேட்டுக்கு உத்தேசமில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் மரம் நடப்படும்.

"எனக்கு அவரோட ஒரு பகையுமில்லை," என்றார். "ஆனா சுவர் விழுந்து ஒருத்தர் சாகிறதைப் பார்க்க எனக்கு ஏலாது. வேறொரு எஸ்டேட்டில நான் இளந்தாரியா வேலை செய்யேக்க அப்பிடி ஒண்டைப் பார்த்தனான்."

அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். அவர் சொன்னது உண்மை. முகத்தில் தெரிந்தது.

கொட்டகை நீளமானது, மூன்று அறைபோல் பிரித்துப் பார்க்கலாம். தெற்கு முனையில் பெரிய கதவு. மேலே கம்பளி போடும் பரண். அதன் பலகைகளுக்கு நடுவே விரல் போகுமளவுக்கு இடைவெளி, கம்பளி காற்றாட. வடக்கு முனைச் சுவர் வெளிப்பக்கமாக வயிறு தள்ளியிருந்தது. செந்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"மூடிரலாம் சார். இதுக்கு மேல என்ன பாக்கணும்?"

நான் உள்ளே குனிந்து சுவரின் கீழ்ப்பாகத்தைத் தடவிப் பார்த்தேன். ஆட்டின் தோள் உயரத்துக்குக் கற்கள் கண்ணாடிபோல் மின்னின. ஆட்டு மயிரில் ஒருவித நெய் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆடுகள் உரசிப்போனால் கல்லும் மெருகேறும். வயிறு தள்ளிய இடத்தில் இரண்டு கற்களுக்கு இடையே விரிசல். அந்த விரிசலின் உள்விளிம்பிலும் அதே மெருகு. உடைந்து திறந்த பிறகும் அவ்வளவு காலமாக ஆடுகள் அதில் உரசிவந்திருக்கின்றன.

"செந்தில், இந்த வயிறு உங்கட தாத்தாவைவிடப் பழசு."

"அப்ப நிக்கும்ங்கறீங்களா?"

"பொறுங்கோ. மேல பாருங்கோ."

பரணின் கடைசி உத்தரம் சுவரில் நுழையும் இடத்தில் தொடங்கி இன்னொரு விரிசல் கீழே இறங்கியது. இதன் விளிம்பு கூர்மை, கல்லின் நிறம் பச்சைக்காயத்தின் நிறம். ஒரு சிலந்திகூட அதில் வலை பின்னவில்லை. இது புதிது. ஒரே சுவரில் இரண்டு வயது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அசையாமல் நின்ற சுவர், இப்போது ஏன் திரும்பவும் அசையத் தொடங்கியது?

வெளியே சுற்றிப் போனேன். சுவரின் அந்தப் பக்கத்தில் ஒரு சதுரம் மட்டும் வெளிறியிருந்தது, பாசி படியாமல். அதற்குக் கீழே நிலத்தில், அதே அகலத்தில், தொட்டால் எரியும் காஞ்சோண்டிச் செடிகள் வரிசை பிடித்தாற்போல் முளைத்திருந்தன. மோரக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதுவோ? நாய்க் கொட்டில். இரண்டு மாரிக்கு முந்தி இடிச்சுப்போட்டினம்."

"ஆர் இடிச்சது?"

"உங்களைப்போல ஆக்கள்தான்," என்றார், சிரிக்காமல். "இது பிறகு ஒட்டினது, பழைய சுவரை மறைக்குது எண்டு சொல்லி. எனக்கு நாய் படுக்க இடமில்லாமல் போச்சுது. ஆனா படம் எடுக்க வடிவா இருக்குதாம்."

மனேஜர் தலையசைத்தார். முந்திய ஆலோசகர் ஒருவர் சொல்லி இடித்தது. வந்துபார்க்கும் விருந்தினருக்குப் பண்ணை அதன் முதல் தோற்றத்தில் தெரியவேண்டும் என்று. நான் அந்த ஆலோசகரைத் திட்டவில்லை. படத்தில் பார்த்திருந்தால் நானும் 'பின்னாளைய சேர்க்கை, முக்கியமற்றது' என்றுதான் எழுதியிருப்பேன். ஆண்டு பார்க்கிறவனுக்கு வரும் நோய் அது. முதலில் வந்ததற்கு மரியாதை, பிறகு வந்ததற்கு அலட்சியம்.

"அதின்ர சுவர் எவ்வளவு தடிப்பு?" என்று கேட்டேன்.

மோரக் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகு தன் கைகளைத் தானே பார்த்தார்.

"நாய்க்கு ஏன் அவ்வளவு தடிப்பு?" என்றார் மெல்ல.

மலைச் சரிவில் அப்போது ஆடுகள் தெரியத் தொடங்கிவிட்டன. வெள்ளைக் கோடொன்று வளைந்து வளைந்து இறங்கியது; விசில் சத்தமும் நாய்களின் ஓட்டமும். மேற்கே வானம் கறுத்திருந்தது. ஒரு மணி நேரம் இருந்திருக்கும். மனேஜர் என்னைப் பார்த்தார், மோரக்கும் பார்த்தார்.

மோரக் சொன்னது இவ்வளவுதான்: "மூடுறதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. நான் நாயைத் திருப்பிப்போட்டு ஆக்களை வீட்டை அனுப்பவேணும். வரிசையில என்ர முறை திரும்பி வரேக்க பாதி ஆடு புழுப் பிடிச்சிருக்கும். பிறகு குத்தகை எண்டு ஒரு பேச்சும் இராது, எல்லாருக்கும் சுகம்." சுவரில் கறுத்திருந்த ஒரு பெரிய கல்லைத் தட்டினார். "இது அடுப்புக்கல், தெரியுமோ? அந்தக் காலத்தில ஆடு கொண்டுவர, இங்க இருந்த சனத்தைக் காணியால எழுப்பிக் கலைக்கேக்க, அவையின்ர வீட்டுக் கல்லாலதான் இதைக் கட்டினவை. அதில என்ர ஆக்களும் இருந்தவை எண்டு சொல்லுவினம். இப்ப மரம் கொண்டுவர என்னை எழுப்பப் போகினம்."

அந்தக் கல்லை நானும் கவனித்திருந்தேன். அது எந்தக் காலத்துக் கல் என்று மனதில் குறித்தும் வைத்திருந்தேன். யாருடைய அடுப்பு என்று யோசிக்கவில்லை. வீடுவாசலை விட்டு எழுப்பப்பட்ட ஊரிலிருந்து வந்த நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் இரக்கத்தால் சுவர் நிற்காது. பண்ணை வாசலில் மட்டும்தான் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே நடந்துபோய் குரோய்டனுக்கு அழைத்தேன். எங்கள் இயக்குநர் என்னைவிட வயதில் இளைய ஆங்கிலப் பெண்மணி. இந்தத் தொழிலில் நான் கற்றதில் பாதி அவரிடம் கற்றது. மூச்சுவாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மூடு என்றும் சொல்லவில்லை, திற என்றும் சொல்லவில்லை.

"உங்களுக்குத் தெரிந்தது எது, நீங்கள் ஊகிப்பது எது, இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்," என்றார்.

பிரித்தேன். கீழ் வயிறு பழையது: தெரியும். மேல் விரிசல் புதியது: தெரியும். பரண் இப்போது வெறுமை: தெரியும். நாய்க் கொட்டில் சுவருக்கு முட்டாக நின்றது, அதை எடுத்ததால்தான் சுவர் நகர்கிறது: ஊகம். இன்றைக்கு விழாது: அதுவும் ஊகம்.

"சரி. உங்கள் ஊகம் பிழையானால் யார் சாவார்கள்?"

"வடக்கு அறைக்குள் நிற்பவர். சுவருக்கு வெளியே நிற்பவர்."

"மற்றவர்கள்?"

நான் யோசித்தேன். "பரணுக்குக் கீழே நிற்பவர், உத்தரமும் சேர்ந்து இறங்கினால். அந்த உத்தரத்துக்குத் தனியாகக் கால் கொடுத்துவிட்டால், இல்லை."

"அப்படியானால் நீங்கள் சொன்னது சரியோ பிழையோ, ஒருவரும் சாகாத மாதிரி ஒரு நாளை ஒழுங்கு பண்ண முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மூடுங்கள். உங்கள் முடிவோடு நான் நிற்பேன்."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மூடலாமா திறக்கலாமா என்று அதுவரை ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டபோது அது பல சிறிய கேள்விகளாக உடைந்தது. சிறிய கேள்விகளுக்குப் பதில் இருந்தது.

திரும்பி வந்து, இயக்குநர் கேட்டதைச் செந்திலுக்கும் செய்யவேண்டியதை எல்லோருக்கும் சொன்னேன். வடக்கு அறைக்குள் ஆடும் இல்லை, ஆளும் இல்லை. குறுக்கே மரத் தட்டிகள். சுவருக்கு வெளியே கயிறு கட்டி யாரும் போகாமல் மறிப்பது. கத்தரித்த கம்பளி ஒரு பிடிகூடப் பரணுக்குப் போகக்கூடாது. நேரே தெற்குக் கதவால் டிரெய்லருக்கு. எஸ்டேட் மரவாடியிலிருந்து நல்ல லார்ச் மரங்கள் கொண்டுவந்து உத்தரத்துக்குக் கால் கொடுப்பது. செந்தில் வெளியே தூர நின்று தொலைநோக்கியால் விரிசலைப் பார்த்துக்கொண்டேயிருப்பார். உள்ளிருந்தே அதன் குறுக்கே பென்சில் கோடு போட்டிருந்தோம், விரிசல் வெளிமுகத்திலும் தெரிந்ததால் அங்கேயும் ஓரமாக நின்று ஒன்று போட்டோம். கோடு விலகினால் எல்லாம் நிற்கும்.

"நான் நிப்பாட்டு எண்டால் கேள்வி கேளாமல் நிப்பாட்டவேணும்," என்றேன்.

"ஓம்," என்றார் மோரக். "ஆனா நீங்கள் உள்ளுக்க எங்களோட நிண்டு சொல்லவேணும். வாசலில நிண்டு இல்லை."

மனேஜர் என் முகத்தைப் பார்த்தார். நான் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு மரவாடிக்கு வண்டியை எடுத்தார். லார்ச் மரங்களை அவரே இறக்கினார்.

மூன்றில் ஒரு பங்கு இடம் போய்விட்டதால் எல்லா ஆடுகளும் உள்ளே கொள்ளாது. எவை நனைவது என்று மோரக் தீர்மானிக்க வேண்டியிருந்தது. வாசலில் நின்று கையால் பிரித்தார்: பாலூட்டும் தாய்கள் உள்ளே, மலடும் இளசும் வெளியே. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மழை வந்தது. கூரையில் கல் கொட்டுவதுபோல் சத்தம். உள்ளே ஈர மண்ணும் ஆட்டு வெக்கையும் மின்சாரக் கத்தரிகளின் இரைச்சலும். கத்தரித்தவர்கள் என்னைக் கிண்டல் பண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

"லண்டன்காரர், சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியளோ, சுவர் உங்களைப் பிடிச்சுக்கொண்டு நிக்குதோ?"

"ஆளுக்கும் மயிர் கூடிப்போச்சு, ஒருக்கா இங்கால வரச்சொல்லு."

அப்போதுதான் தட்டி ஒன்று சரிந்தது. நெருக்கத்தில் ஓர் ஆடு மிரண்டு தட்டியில் பாய, அதன் பின்னால் இன்னொன்று, கண் இமைக்குமுன் முப்பது நாற்பது ஆடுகள் மறித்திருந்த வடக்கு அறைக்குள். அங்கே சுவரில் ஒடுங்கிய சாளரம் ஒன்று, வெளிச்சம் தெரியும் ஒரே இடம். ஆடு வெளிச்சத்தை நோக்கித்தான் போகும். முன்னால் போனவை சுவரில் மோதின. பின்னால் வந்தவை அவற்றைத் தள்ளின. நான் பயந்த சுவரில், நான் பயந்த இடத்தில்.

நிறுத்து என்று கத்த வாய் வந்துவிட்டது. கத்தினால் கத்தரிகள் நிற்கும், ஆட்கள் ஓடுவார்கள், நாய்கள் பாயும். மிச்ச ஆடுகளும் மிரண்டு அதே பக்கம் நெருக்கும். நான் கையை மட்டும் தூக்கினேன். மோரக் பார்த்தார். வாயில் விரலை வைத்துத் தன் நாயைப் படுக்கவைத்தார். கத்தரிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மழைச் சத்தம் மட்டும்.

திடீரென்று வடக்கு அறை இருண்டது. சாளரம் மூடிக்கொண்டது. அதே நேரம் மோரக் தெற்குக் கதவின் இரண்டு பக்கத்தையும் மெல்ல விரித்தார். சுவரோடு நெருங்கிய ஆடுகள் தயங்கின, தலையைத் தூக்கின, வெளிச்சம் வந்த பக்கம் திரும்பின. ஒன்று நடந்தது, மற்றவை அதன் பின்னால். கடைசி ஆடு தட்டியைத் தாண்டியதும் இரண்டு பேர் அதைத் தூக்கிக் கட்டினார்கள்.

நான் வெளியே ஓடினேன். செந்தில் கயிற்றுக்கு உள்ளே, சுவரோடு ஒட்டி நின்று, தன் மழைக்கோட்டைச் சாளரத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்து.

"வெளியால வாரும்! அங்க நிக்கக்கூடாதெண்டு சொன்னனான் எல்லோ!"

வந்தார். மழைக்கோட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சது எது, ஊகம் எதுன்னு பிரிக்க நேரமில்ல சார்," என்றார்.

"கோடு?"

"விலகல சார். ஜன்னல்ல ஆடு முட்டறது தெரிஞ்சுது, போறதுக்கு முன்னாடி கோட்டைப் பாத்துட்டுத்தான் போனேன்."

அவர் செய்தது சரியா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் மேல் சுவர் விழுந்திருந்தால் கோயம்புத்தூருக்கு நான்தான் தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். அன்று மாலை நன்றாகத் திட்டினேன். என் மனைவி கட்டித்தந்திருந்த மாசிக்கருவாட்டுச் சம்பல் பூசிய பாண்ரொட்டியில் பெரிய பங்கையும் அவருக்கே கொடுத்தேன். நீங்கள் இதைப் பின்பற்றவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். போகுமுன் கோட்டைப் பார்த்தார் என்பதை மட்டும் கவனியுங்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாயவில்லை.

உள்ளே இருந்தவை எல்லாம் அன்று கத்தரித்து முடிந்தன. வெளியே நனைந்தவை மிச்சம். கைகழுவிக்கொண்டு நின்றபோது பக்கத்துப் பண்ணைக்காரர் மோரக்கிடம், ஏதோ கத்தி இரவல் கொடுப்பதுபோலச் சொன்னார்: "திங்கள் எங்கட நாள். காய்ஞ்சால் நீ எடு. எங்கட ஆடு மேட்டில நிக்குது, ஈ குறைவு, பொறுக்கும். ஞாயிறு நாங்கள் வேலை செய்யிறேல்லை, தெரியும்தானே." மோரக் தலையை மட்டும் ஆட்டினார். திங்கட்கிழமை வெயில் எறித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அறிக்கையை லண்டனுக்கு வந்து எழுதினோம். தெரிந்தது, ஊகித்தது என்று இரண்டு பாகமாக. ஊகம் என்ற பாகத்தில் நாய்க் கொட்டில் முழுவதும் இருந்தது. அதைச் சோதிக்காமல் எதையும் இடிக்கவோ கட்டவோ வேண்டாம் என்றோம். அந்த இலையுதிர் காலத்தில் காஞ்சோண்டியைப் பிடுங்கிவிட்டுத் தோண்டினார்கள். கொட்டிலின் அத்திவாரம் கொட்டகையின் அத்திவாரத்தைவிட ஆழமாக இறங்கி, பாறையில் உட்கார்ந்திருந்தது. சுவர் வயிறு தள்ளத் தொடங்கிய பிறகு, யாரோ அதைத் தடுத்து நிறுத்த வேண்டுமென்றே கட்டியிருக்கிறார்கள். கட்டிய பிறகு, சும்மா ஏன் கிடக்கிறது என்று நாயை விட்டிருக்கிறார்கள். அடுத்த தலைமுறைக்கு நாய் மட்டும் ஞாபகம்.

திரும்பக் கட்டுவதற்கு உள்ளூர்ப் பாரம்பரியக் கட்டட அதிகாரி முதலில் தயங்கினார். இல்லாமல்போன ஒன்றைப் புதிதாகக் கட்டி, பழையதுபோல் காட்டுவது பொய் அல்லவா என்று. நியாயமான கேள்வி. புதியது என்று எல்லோருக்கும் தெரியும்படி வாசல் மேற்கல்லில் ஆண்டைச் செதுக்குவதாக ஒப்புக்கொண்டோம். மனேஜரும் எங்கள் பக்கம் பேசினார்; லார்ச் முட்டுகளை எடுக்க அவருக்குத்தான் அதிக அவசரம். அந்த மாரிக்கு முன்பே குத்தகையும் புதுப்பிக்கப்பட்டது.

கல் செதுக்கப்படும் அன்று மோரக் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான் வால்தம்ஸ்டோவில் சந்தைத் தெருவில் கையில் பைகளோடு நின்றேன்.

"மேசன் நிக்கிறார். என்ன வெட்டுறது எண்டு கேக்கிறார்."

"ஆண்டை வெட்டச் சொல்லுங்கோ. அதுதானே கதை."

"ஆண்டை மட்டும் வெட்டினால், இன்னும் நூறு வருசத்தால உங்களைப்போல ஒருத்தர் வந்து, இது பிறகு கட்டினது எண்டு திரும்பவும் இடிப்பார். ஏன் கட்டினது எண்டு போட ஏலாதோ?"

வாழ்நாள் முழுவதும் கல்லில் ஆண்டைத் தேடியவன் நான். ஒரு கல்லாவது காரணத்தைச் சொல்லியிருந்தால் எத்தனை சுவர்கள் தப்பியிருக்கும் என்று அந்தத் தெருவில் நின்றபடி எண்ணிப் பார்த்தேன். பக்கத்தில் மீன்காரர் கூவிக்கொண்டிருந்ததால் இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது: "ஏலும், மோரக். போடச் சொல்லுங்கோ." அதிகாரியிடம் நானே பேசினேன், அவர் மறுக்கவில்லை. ஆண்டுக்குக் கீழே சிறிய எழுத்தில், 'வடக்குச் சுவரைத் தாங்கக் கட்டியது' என்று இப்போது இருக்கிறது.

அடுத்த வசந்தத்தில் அவர் ஒரு படம் அனுப்பினார். கொட்டிலுக்குள் வைக்கோல், ஒரு வெப்ப விளக்கு. நாய்களைக் காணவில்லை, அவை வீட்டுக்குள் படுக்கப் பழகிவிட்டனவாம். தாயிழந்த இரண்டு ஆட்டுக்குட்டிகள், வயிறு நிறையப் பால் குடித்த களைப்பில், வடக்குச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தன.